இரண்டாவது பியானோ

பிருந்தா வாசித்து முடிக்கும்வரை ஸ்ரீகாந்த் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி ஸ்வரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் திரும்பியபோது, அவர் மூன்றாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்து மேலே ஏசி துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா?” என்றார்.

“முதல் மூவ்மென்ட் முடிஞ்சுது சார்.”

“அப்போ இன்னும் ரெண்டு வேற வச்சிருக்கீங்க.”

சுவரோரம் கௌஸ் முகைதீன் நின்றிருந்தார். அந்த இசைப்பள்ளியின் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்; கீழக்கரைக்காரர். கையிலிருந்த சுருதிச் சாவியைத் துணியால் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

“பிருந்தா, பதினோரு வருஷமா இங்க பக்கவாத்தியம் வாசிக்கிறீங்க. நல்லாவே வாசிக்கிறீங்க. துபாய்ல உங்கள மாதிரி இன்னொரு ஆள் கிடையாது. அதோட நிறுத்திக்கணும்.”

“எங்க தப்புன்னு சொல்லுங்க சார். சரி பண்ணிக்கறேன்.”

“எங்க தப்பில்லன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சுடும்.” அவர் எழுந்து வந்தார். “ஆக்டேவ் வர்ற இடத்துலெல்லாம் பெடலை மிதிச்சு மூடறீங்க. பாதி நோட் விழவே இல்ல. வேகம் எடுத்தா தோள் காதுக்குப் போயிடுது. சத்தம் வருது, குரல் வரல. ரெண்டு மூணு பக்கம் தேறும். மத்ததெல்லாம் டைப்ரைட்டிங் கிளாஸ்.”

பிருந்தா பியானோவின் மூடியைச் சாத்தினாள். மெதுவாகச் சாத்த வேண்டும் என்று நினைத்துத்தான் சாத்தினாள், சத்தம் கேட்டது.

“ஆனிவர்சரிக்கு ஆதித்யா வாசிக்கட்டும். நீங்க வழக்கம்போல செகண்ட் பியானோ. புரோகிராம் நோட்ஸும் நீங்கதான் எழுதணும். உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஸ்ரீகாந்த் கதவைத் திறந்துகொண்டு போனார். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. அது மூடி முடிக்கும்வரை கௌஸ் முகைதீன் தலை நிமிரவில்லை.

இதெல்லாம் நடந்தது துபாயின் அல் குசைஸில், ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மேல் இரண்டாம் மாடியிலிருந்த இசைப்பள்ளியில். பன்னிரண்டு அறைகள், ஒரு சின்ன ஹால், ஹாலில் இரண்டு பெரிய பியானோக்கள். ஸ்ரீகாந்த் அடையாறில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, கச்சேரி வாசிப்பவராக ஆக நினைத்து, மணிக்கட்டு கெட்டுப்போனதால் பள்ளி நடத்த வந்தவர். அந்த மணிக்கட்டைப் பற்றி அவரே பேசமாட்டார். பிறரும் பேசக் கூடாது.

பிருந்தா திருச்சி பொன்மலையில் பிறந்தவள். அப்பா ரயில்வே பணிமனையில் கிளார்க். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பியானோ ஒன்று கிடந்தது. அதில் ஏழு கட்டைகள் பேசாது. காலனியிலிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணியிடம் அதிலேயே கற்றுக்கொண்டு, பேசாத கட்டைகளின் ஸ்வரத்தை மனதுக்குள் பாடிக்கொண்டே வாசித்து, எட்டாவது கிரேடு தேறினாள். இருபத்து மூன்று வயதில் ரவிசங்கரைக் கல்யாணம் செய்துகொண்டு துபாய்க்கு வந்தாள். அவர் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் என்ஜினியர். வீட்டில் முதலில் ஐந்து ஆக்டேவ் கீபோர்டு. பிறகு யாரோ நாடு திரும்பும்போது விற்றுவிட்டுப் போன டிஜிட்டல் பியானோ. மகள் தன்யா முழுநாள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஸ்ரீகாந்திடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

வேலை இதுதான்: பிள்ளைகள் வயலினோ பியானோவோ தனியாக வாசிக்கும்போது, மீதி வாத்தியங்கள் வாசிக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரு பியானோவில் இவள் வாசிக்க வேண்டும். பிள்ளை வேகமாக ஓடினால் இவளும் ஓட வேண்டும். நின்றுவிட்டால் நிற்க வேண்டும். இரண்டு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டால் இவளும் குதித்து, கேட்பவர்களுக்குத் தெரியாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தேர்வு முடிந்ததும் பெற்றோர் பிள்ளையைக் கட்டிக்கொள்வார்கள், ஸ்ரீகாந்துக்கு நன்றி சொல்வார்கள். இவள் நோட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைப்பாள்.

சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோவை அவள் எடுத்துக்கொண்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. கன்செர்ட்டோ என்றால் ஒற்றைப் பியானோவும் முழு ஆர்கெஸ்ட்ராவும் எதிரெதிரே நின்று வாசிக்கிற நீண்ட உருப்படி. அவளுக்கு ஆர்கெஸ்ட்ரா பக்கம் மனப்பாடம். எத்தனையோ மாணவர்களுக்கு வாசித்திருக்கிறாள். அந்த இன்னொரு பக்கம், தனிப் பியானோவின் பக்கம், தன் கையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினாள். தினமும் காலை ஆறு மணிக்கு கௌஸ் முகைதீன் ஹாலைத் திறந்துவிடுவார். வகுப்பு தொடங்கும்வரை இவள் வாசிப்பாள். இரண்டு கோடைக்காலம் ஊருக்கும் போகவில்லை. பள்ளியின் பதினைந்தாம் ஆண்டு விழாவில் முதல் பகுதியை மட்டுமாவது வாசிக்க அனுமதி கேட்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அனுமதி கேட்டதன் முடிவுதான் அந்த டைப்ரைட்டிங் கிளாஸ்.

வீட்டில் ரவிசங்கரிடம் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

“கௌஸ் பாய் முன்னாடியா சொன்னார்?”

“அவர் முன்னாடிதான்.”

“வேலையை விட்டுடேன்.”

“விட்டா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்.”

“எனக்கு அந்த மியூசிக் தெரியாது பிருந்தா. பொறுத்துக்கப் போறியா, சண்டை போடப் போறியான்னு முடிவு பண்ணிக்கோ. ரெண்டையும் இந்த வீட்டுக்குள்ள வச்சுப் பண்ணாத.”

அவள் சண்டை போட முடிவு செய்தாள். ஆனால் அன்றைக்கு அவளிடம் ஆயுதம் இல்லை. அது ஒரு வாரம் கழித்து, நிகழ்ச்சிக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது கிடைத்தது.

அந்தக் கன்செர்ட்டோ முதலில் திட்டு வாங்கியது என்று அவளுக்கு முன்பே அரைகுறையாகத் தெரியும். என்ன திட்டு, யார் திட்டியது என்று தேடியதில்லை. இப்போது தேடினாள். சாய்கோவ்ஸ்கி அந்தச் சம்பவத்தைத் தன்னை ஆதரித்த ஒரு சீமாட்டிக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அதைச் சமையல் மேடையோரம் நின்றபடி படித்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். திட்டியவர் இசைக்கல்லூரியின் தலைவர். திட்டு வாங்கியவர் அதே கல்லூரியில் சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர். வகுப்பறையில் இன்னொரு ஆளும் இருந்திருக்கிறார். முதலில் மௌனம். பிறகு, இரண்டு மூன்று பக்கம் தேறும் என்ற அதே வார்த்தை. ஸ்ரீகாந்த் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, தற்செயலாக வாயில் வந்ததா என்று அவள் யோசித்தாள். வேண்டுமென்றே சொன்னதுதான் என்று முடிவுகட்டினாள். அப்படி முடிவுகட்டியபோது அவளுக்குச் சுகமாக இருந்தது.

அவள் எழுதிய ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“1874, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மாஸ்கோ இசைக்கல்லூரியின் வகுப்பறை ஒன்றில், அங்கே ஆசிரியராக இருந்த சாய்கோவ்ஸ்கி தன்னுடைய புதிய கன்செர்ட்டோவைக் கல்லூரித் தலைவர் நிக்கோலாய் ரூபின்ஸ்டைனுக்கு வாசித்துக் காட்டினார். முதல் பகுதி முடிந்தது. ஒரு சொல் இல்லை. முழுவதும் முடிந்தது. அப்போதும் இல்லை. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்ட பிறகுதான் தலைவர் வாய் திறந்தார். உதவாதது, வாசிக்க முடியாதது, இரண்டு மூன்று பக்கம் தேறும், மற்றதைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு ஸ்வரத்தையும் மாற்ற மாட்டேன் என்று சாய்கோவ்ஸ்கி சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரில் வேறொருவர் அதை வாசித்தார். கைதட்டல் ஓயாமல் கடைசிப் பகுதியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதாயிற்று. கல்லூரித் தலைவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தாங்கள் யாரைத் திட்டினார்களோ, அவரால் மட்டுமே அவர்களுடைய பெயர் உலகத்தில் நிற்கிறது.”

கடைசி இரண்டு வரிகளை அவள் இரண்டு முறை நீக்கினாள். மூன்று முறை சேர்த்தாள்.

ஸ்ரீகாந்த் அந்த வாரம் தேர்வு நடத்த மஸ்கட் போயிருந்தார். போனில், “நீங்களே பாத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிடுங்க. எனக்கு இங்க மூச்சு விட நேரமில்ல” என்றார். வழக்கமாக ஒவ்வொரு காற்புள்ளியையும் பார்ப்பவர். பிருந்தா சத்வாவுக்கு நேரிலேயே போனாள். தையல்கடைகளுக்கு நடுவே இருந்த அச்சகத்தில் அகமது கபீர் மாதிரிப் பக்கத்தைத் திரையில் காட்டினார்.

“மேடம், சார் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. அடிச்சுடுங்க.”

முந்நூறு பிரதிகள்.

இனி ஆதித்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது. ஒன்பது வருடமாக ஸ்ரீகாந்தின் மாணவன். ஷார்ஜாவில் என்ஜினியரிங் முதல் வருடம் படித்துக்கொண்டே, வெளிநாட்டு இசைக்கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். நவம்பர் கடைசிக்குள் மேடையில் வாசித்த வீடியோ போய்ச் சேர வேண்டும். இந்த விழாவில் எடுப்பதைத்தான் அனுப்புவதாக இருந்தான். அவனுடைய அம்மா அருணா அதற்காகவே இரண்டு கேமராக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தாள்.

அவனுடைய முதல் கிரேடிலிருந்து பக்கவாத்தியம் பிருந்தாதான். வாசிக்கும்போது அவன் அவள் பக்கம் திரும்ப மாட்டான். அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டால் போதும், சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வான். ஒத்திகைகளில் அவள் அவனிடம் கோபத்தைக் காட்டவில்லை. அவன்மீது அவளுக்குக் கோபமும் இல்லை. தனக்குக் கிடைக்காததை அவன் வாசிக்கிறான் என்பது உறுத்தியது, அவ்வளவுதான். ஒரே கையால் மேல் ஸ்வரத்தையும் கீழ் ஸ்வரத்தையும் சேர்த்து அடிக்க வேண்டிய அந்த ஆக்டேவ்கள் அவனுக்குச் சுத்தமாக விழுந்தன. அதைக் கேட்கக் கேட்க ஸ்ரீகாந்த் சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்பது அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் ஸ்ரீகாந்தை இன்னும் வெறுத்தாள்.

“ஆண்ட்டி, நடுவுல அந்த ஆர்கெஸ்ட்ரா பில்ட்-அப் இருக்குல்ல, அத மட்டும் ரஷ் பண்ணிடாதீங்க. அந்த ஸ்பீட்லதான் நான் ஆக்டேவ்ல என்டர் ஆகணும்” என்றான் கடைசி ஒத்திகையில்.

“நான் என்னைக்குடா உன்ன விட்டுட்டு ஓடியிருக்கேன்?”

“அதான் சொல்றேன். நீங்க இருந்தா ஐ டோன்ட் வொர்ரி.”

விழா சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பக்கத்திலிருந்த பள்ளிக்கூட அரங்கத்தில். மூன்றரைக்கு மேல் ஸ்ரீகாந்த் கையில் அச்சான நிகழ்ச்சிக் குறிப்பை வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்று படித்ததை பிருந்தா பார்த்தாள். அவர் முகம் மாறவில்லை. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்பக்கம் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்து கத்துவார் என்று காத்திருந்தாள். என்னென்ன பதில் சொல்வது என்று மூன்று வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் வரவேயில்லை.

சிறுபிள்ளைகள் வாசித்து முடித்தார்கள். கௌஸ் முகைதீனும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு பியானோக்களையும் ஒட்டினாற்போல் நகர்த்தி வைத்தார்கள். பிருந்தா இரண்டாவது பியானோவிலும் ஆதித்யா முதலாவதிலும் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது ஸ்ரீகாந்த் மைக்கோடு மேடையேறினார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். மிருதுவாக, சிரித்த முகமாக. குறிப்பை முழுவதும் வாசித்துக் காட்டினார். கல்லூரித் தலைவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்ற இடத்தில் நிறுத்தி, அரங்கத்தைப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

“அழகாக எழுதப்பட்ட குறிப்பு. ஒரு பக்கம் மட்டும் விடுபட்டிருக்கிறது. அதை நான் சொல்லிவிடுகிறேன்” என்றார். “இந்தச் சம்பவத்துக்கு நம்மிடம் இருக்கிற பெரிய ஆதாரம், திட்டு வாங்கியவர் மூன்று வருடம் கழித்து எழுதிய கடிதம். ரூபின்ஸ்டைன் தன் பக்கத்தைச் சொல்லி எதுவும் எழுதி வைக்கவில்லை. அடுத்தது, ஒரு ஸ்வரத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னவர் பிறகு மாற்றினார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இப்போது ஆதித்யா தொடங்கும்போது இடிபோல விழுமே, பல ஸ்வரங்களை ஒன்றாக அடிக்கும் அந்தக் கார்டுகள், உலகமெல்லாம் தெரிந்த கார்டுகள், அவை முதல் பிரதியில் அப்படி இல்லை. திருத்தியபோது வந்தவை. கடைசியாக, திட்டிய அதே ரூபின்ஸ்டைன் சில வருடத்திலேயே இதைக் கற்றுக்கொண்டு தானே மேடையில் வாசித்தார். தப்பை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. திருத்திக்கொள்ள சாய்கோவ்ஸ்கிக்குத் தெரிந்திருந்தது. குறிப்பு எழுதியவருக்கு இடம் போதவில்லை என்று நினைக்கிறேன்.”

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அவர் பிருந்தாவின் பக்கம் கையை நீட்டி, “இரண்டாவது பியானோவில், குறிப்பின் ஆசிரியர், பிருந்தா ரவிசங்கர்” என்று சொல்லித் தானே முதலில் கைதட்டினார். முந்நூறு பேர் தட்டினார்கள். அவள் எழுந்து கும்பிட வேண்டியிருந்தது. கும்பிட்டாள். ஐந்தாவது வரிசையில் ரவிசங்கர் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஸ்ரீகாந்த் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவள் தேடியபோது அதெல்லாம் அவள் கண்ணிலும் பட்டதுதான். விட்டுவிட்டாள்.

உட்கார்ந்தாள். ஆதித்யா மெல்லத் தலையசைத்தான்.

தொடக்கம் ஆர்கெஸ்ட்ராவுடையது. மேலிருந்து கீழே இறங்கும் நான்கு ஸ்வரம். அவள் அவற்றை ஒத்திகையில் வாசித்ததைவிட இரண்டு மடங்கு சத்தமாக அடித்தாள். ஆதித்யாவின் தோள் திடுக்கிட்டதைப் பார்த்தாள். அவனுடைய கார்டுகள் விழ ஆரம்பித்தன. அந்த இடத்தில் தனிப் பியானோவுக்குக் கார்டுகள்தான். எல்லாருக்கும் தெரிந்த அந்த மெட்டு ஆர்கெஸ்ட்ராவின் கையில், அன்றைக்கு பிருந்தாவின் கையில். அவள் மெட்டை அவனுக்கு மேலே ஏற்றி வைத்தாள். அவன் சத்தத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். முன்வரிசையில் ஸ்ரீகாந்த் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். அதன்பிறகு அவள் யாருக்காக வாசிக்கிறாள் என்பதில் அவளுக்கே சந்தேகம் இருக்கவில்லை.

வேகப் பகுதி வந்ததும் அவன் தன் தாளத்தை மீட்டுக்கொண்டான். தனியாக வாசிக்கும் இடங்களில் நிதானமாக இழுத்துக் கட்டினான். அவள் கைக்குத் தாளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். அப்புறம் அவன் குறிப்பிட்டுச் சொல்லியிருந்த அந்த நடுவிடம் வந்தது. ஆர்கெஸ்ட்ரா மட்டும் அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் பியானோ ஆக்டேவ்களோடு பாய வேண்டிய இடம். பிருந்தா ஏறினாள். ஒத்திகையின் வேகம் எது என்று அவள் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வேகத்தில் போகவில்லை. ஓடினாள்.

ஆதித்யா அந்த வேகத்திலேயே பாய்ந்தான், வேறு வழியில்லை. முதல் இரண்டு வரி தாக்குப்பிடித்தான். மூன்றாவது வரியில் வலது கை ஒரு கட்டை தள்ளி விழுந்தது. இடது கை அதைப் பிடிக்கப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளும் நின்றன.

பதினோரு வருட வேலையே இந்த இடத்துக்காகத்தான். ஒரு கார்டு கொடுத்தால் போதும். அவன் எங்கே சேர வேண்டும் என்று காட்டும் ஒரே ஒரு கார்டு. இது நூற்றுக்கணக்கான முறை அவள் செய்தது. அவன் ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கைகள் கட்டைகளுக்கு மேல் இருந்தன. இறங்கவில்லை. மூன்று விநாடி இருக்கும். நான்காகவும் இருக்கலாம். அரங்கத்தில் ஒரு குழந்தை எதையோ கேட்டது, தாய் அதட்டியது தெளிவாகக் கேட்டது.

அவன் தானாகவே ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தொடங்கினான். அவள் சேர்ந்துகொண்டாள். அதன்பிறகு முடிவுவரை அவன் அவளைக் கேட்டு வாசிக்கவில்லை. தனக்குத் தோன்றிய வேகத்தில், கடுங்கோபத்தோடு, அவளை இழுத்துக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே போனாள்.

கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் வந்ததும் ஆதித்யா நோட்டை மேசைமேல் போட்டான்.

“ஏன் ஆண்ட்டி?”

அவள் வாயைத் திறந்தாள்.

“இல்ல, வேண்டாம். சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஸ்ரீகாந்த் வந்தார். கத்துவதற்கு இப்போது காரணம் இருந்தும் கத்தவில்லை. “நோட்ஸ்ல என்னத் திட்டி எழுதினீங்க. நானும் மேடையில திருப்பிக் கொடுத்தேன். அது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல. அந்தப் பையன் என்ன பண்ணான்?”

“நீங்க என்னை முந்நூறு பேர் முன்னாடி…”

“அந்தப் பையன் என்ன பண்ணான்னு கேட்டேன்.”

அவள் மேசைமேல் கிடந்த ஆதித்யாவின் நோட்டை எடுத்து மூடினாள்.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம். கணக்கெல்லாம் ஆபீஸ்ல முடிச்சுக் கொடுத்துடுவாங்க. கலாஸ்.”

கௌஸ் முகைதீன் பியானோவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு இரண்டு வருடம் கதவு திறந்துவிட்டவர். பிருந்தா அவரிடம் விடைபெறப் போனாள்.

“நீங்களாவது பாத்தீங்கல்ல பாய், அன்னைக்கு அவர் என்ன பேசினார்னு.”

“பாத்தேங்கா. அன்னையிலேர்ந்து நான் உங்க கட்சிதான்” என்றார் அவர், உறையின் முடிச்சைப் போட்டபடியே. “இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்.”

ரவிசங்கர் வண்டியை எடுத்தார். தன்யா பின்சீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிக்னலில் நிற்கும்போது பிருந்தாவே, “நான் கார்டு கொடுத்திருக்கணும்” என்றாள். “ஆமா” என்றார் அவர். பிறகு பச்சை விழுந்தது.

நான்கு நாள் கழித்து அவள் ஆதித்யாவின் வீட்டுக்குப் போனாள். போன் எடுக்கவில்லை என்பதால் நேரிலேயே போனாள். பதினான்காம் மாடி. அருணா கதவைப் பாதி திறந்து, திறந்த அகலத்தில் தானே நின்றுகொண்டாள். ஒன்பது வருடமாகத் தேர்வு அறைகளுக்கு வெளியே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி பகிர்ந்துகொண்டவர்கள் இருவரும்.

“ஆதிகிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும் அருணா.”

“எதுக்கு?”

“ஸாரி சொல்லணும். வேணும்னா நான் அவனுக்கு மறுபடி வாசிக்கறேன். ஹால் எடுத்து, இந்த வாரமே ரெக்கார்ட் பண்ணிடலாம்.”

“வேற ஆள் பாத்துட்டோம். ஷார்ஜால ஒரு பிலிப்பினோ பொண்ணு.” அருணாவின் குரல் ஏறவில்லை. “உங்களுக்கும் சாருக்கும் ஆயிரம் இருக்கட்டும் பிருந்தா. எம் பையன் நின்னப்போ நீங்க அவனைப் பாத்தீங்க. நான் கேமரால திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். கை மேலயே இருக்கு. தெரியாம நடந்ததுன்னு சொல்லுங்க, உள்ள கூப்பிடறேன்.”

பிருந்தாவால் அதைச் சொல்ல முடியவில்லை.

உள்ளேயிருந்து ஆதித்யாவின் குரல் மட்டும் வந்தது. “மா, குளோஸ் த டோர். ஏசி போகுது.”

அருணா கதவைச் சாத்தினாள்.

புதிய வீடியோவை ஐந்து நாளில் அவசரமாக எடுத்து அனுப்பினார்கள். அந்த இசைக்கல்லூரி அவனைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டது. கடைசிவரை கூப்பிடவில்லை. அவசர ஒத்திகையால்தான் போயிற்று என்று நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. விழாவில் நடந்ததைப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் அருணா சொன்னாள். குசைஸிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் பிருந்தாவிடம் வீட்டு வகுப்புக்கு வந்த ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் யாரையும் கூப்பிட்டு விளக்கம் சொல்லவில்லை. காலையில் டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் போட்டு வாசிப்பாள். சாய்கோவ்ஸ்கியை எடுக்கவில்லை.

ஜூன் மாதம் ஷார்ஜாவில் புதிதாகத் தொடங்கிய ஓர் இசைப்பள்ளியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடத்துபவர் நளினி என்ற சென்னைப் பெண். வாசிக்கச் சொல்லிக் கேட்டார், சான்றிதழ்களைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. முன்னாடி வேலை பாத்த இடத்துல விசாரிச்சேன். ஸ்ரீகாந்த் சார்கிட்ட.”

“என்ன சொன்னார்?”

“உங்கள மாதிரி வாசிக்கறவங்க இந்த ஊர்ல ரொம்பக் கம்மின்னார். சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க யோசிக்காம எடுத்துக்கோங்கன்னார். ஆனா இன்னொருத்தர் வாசிக்கும்போது பக்கத்துல உக்கார வைக்காதீங்கன்னார்.” நளினி பேனாவை மேசைமேல் உருட்டினார். “அவருக்கும் உங்களுக்கும் ஏதோ மனஸ்தாபம்னு கேள்விப்பட்டேன். அதனால உங்ககிட்டயே கேட்டுடறேன். அவர் சொல்றது உண்மையா?”

பிருந்தாவின் பையில் ஸ்ரீகாந்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பதினோரு வருடச் சரக்கு. அந்த மணிக்கட்டுக் கதைகூட இருந்தது.

“உண்மைதான்” என்றாள். “என்னென்ன கிழமை வரணும்?”